கண்ணைக் கெடுக்கும் தில்லைப்பால்

கற்பிட்டி என்றவுடன் நம்மவர்க்கு நினைவில் வருவன கடலும் கருவாடும், ஒல்லாந்தர் கட்டிய கோட்டையும், தலவில அன்னம்மாள் திருவிழாவுமே ஆகும். அண்மைக் காலத்தில், பெரிய பட்டத்தைக் காற்றிற் பறக்கவிட்டு அலைமேற் சறுக்கி விளையாடும் மேனாட்டு உல்லாசப் பயணிகளும் இவ்வரிசையிற் சேர்ந்துகொண்டனர். ஆயினும் குடாநாட்டின் மேற்குக் கரையை விட்டுக் கிழக்கே திரும்பி, புத்தளம் களப்பின் ஓரமாகச் சிறிது தூரம் நடப்பவர்க்கு வேறொரு கற்பிட்டி தென்படும். ஏறக்குறைய 327 சதுரக் கிலோமீற்றர் பரந்து கிடக்கும் அந்த உவர்நீர்ப் பரப்பின் கரைகளிற் பல இடங்களில் கண்டற்காடுகள் நிற்கின்றன. நீருக்குள்ளேயே மிண்டி வேர்களை ஊன்றி நிற்பது கண்டல். சேற்றிலிருந்து பென்சில் முனைபோல மூச்சு வேர்களை மேலே நீட்டுவது கண்ணா. இவற்றுக்குச் சற்றுப் பின்னே, பெருக்கு நீர் எப்பொழுதாவது வந்து தொட்டுப் போகும் மேட்டுப் பக்கத்தில், பார்வைக்கு யாதொரு விசேடமும் இல்லாத ஒரு மரம் நிற்கும். வேரிலும் வியப்பில்லை; பூவிலும் பகட்டில்லை. ஆண்டில் ஒரு பருவத்தில் அதன் முதிர்ந்த இலைகள் செம்பு நிறமாகி உதிரும்போது மட்டும் கண்ணைக் கவரும். அதுதான் தில்லை.

ஆம், சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே தில்லைதான். தில்லைவனம், தில்லையம்பலம், தில்லைக் கூத்தன் என்று நாள்தோறும் வாயாரச் சொல்லும் நம்மிற் பலர் அம்மரத்தைக் கண்ணாற் கண்டதில்லை. சிதம்பரம் நகருக்குள் இன்று தில்லைக்காடு இல்லை. அதனைக் காண விரும்புவோர் கிழக்கே கடற்பக்கமாகச் சென்று பிச்சாவரத்து உப்பங்கழிகளிலே காணவேண்டும். சங்கப் புலவர்கள் இம்மரத்தை நன்கு அறிந்திருந்தனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் தில்லையும் ஒன்று. நெய்தற் கலியில் அது கடற்கரைச் சோலையை அழகு செய்கின்றது. புறநானூற்றின் 252 ஆம் பாட்டு, அருவி நீர் பட்டுப் பட்டு நிறம் மாறிய தவசியின் சடைக்குத் தில்லையை உவமை கூறுகின்றது. அந்தச் செம்பு நிறத்தைக் களப்போரத்திற் கண்டவர்க்கு அவ்வுவமையின் பொருத்தம் உரையாசிரியர் துணையின்றியே விளங்கும்.

பக்திக்கும் பாட்டுக்கும் உரிய இம்மரத்தை மேனாட்டுத் தாவர நூலார் வேறு விதமாகவே அறிமுகஞ் செய்துள்ளனர். ஆங்கிலத்தில் இதற்குக் கண்ணைக் குருடாக்கும் மரம் என்பது பொருளாக ஒரு பெயர் வழங்குகின்றது. தாவரவியலார் இட்ட பெயர் எக்ஸ்சோகேரியா அகலோச்சா. அதன் முதற் சொல் குருடாக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இரண்டாவது சொல், இதனை அகில் மரத்தோடு மயங்கிய பழைய குழப்பம் ஒன்றின் மிச்சம். சிங்களத்தில் இதனைத் தெலகிரிய என்பர். கிரி என்றால் பால் என்பது நம் வாசகர் பலருக்கும் தெரிந்ததே. மரத்தின் இயல்பு முழுவதும் அந்தப் பாலில்தான் அடங்கியிருக்கின்றது.

இப்பெயரின் வரலாறு சுவையானது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி 1667 ஆம் ஆண்டு தொடக்கம் 1676 வரை கற்பிட்டிக் கோட்டையைக் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே கொம்பனியின் ஊழியராய்க் கீழைத் தீவுகளில் அம்பொன் என்னும் இடத்தில் இருந்தவர் ஜோர்ஜ் எபர்ஹார்ட் றும்பியஸ் என்னும் ஜெர்மானியர். அத்தீவுகளின் மரஞ்செடி கொடிகளையெல்லாம் ஆராய்ந்து எழுதிக்கொண்டிருந்த அவர், 1670 இல் நோயினால் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். பின்னர் எழுத்தர்களுக்குச் சொல்லிச் சொல்லியே நூலை நிறைவு செய்தார். 1702 இல் அவர் இறந்து நெடுங்காலம் சென்றபின், 1741 ஆம் ஆண்டு முதலாக அது அச்சேறியது. அந்நூலில்தான் தில்லையைக் குருடாக்கும் மரம் என்று அவர் விவரித்துள்ளார். விறகு வெட்டக் கரைக்கு அனுப்பப்பட்ட மாலுமிகள், பால் பட்ட கையால் கண்ணைத் தேய்த்து, வேதனை தாங்காமற் பித்தர்போல ஓடித் திரிந்தனர் என்றும், அவர்களுட் சிலர் பார்வையையே இழந்தனர் என்றும் அவர் வழியாக வந்த செய்தியைப் பிற்காலத் தாவர நூல்கள் எடுத்துச் சொல்கின்றன. பார்வையிழந்த ஒருவர் பார்வையைக் கெடுக்கும் மரத்தை உலகுக்கு அறிவித்த இந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் மனம் ஒரு கணம் நின்றுவிடுகின்றது. லின்னேயஸ் 1759 இல் றும்பியசின் கருத்தைப் பின்பற்றியே இன்றுள்ள பெயரைச் சூட்டினார்.

மாலுமிகளின் கதையில் ஒரு நுட்பம் உண்டு. பால் நேரே கண்ணுக்குள் தெறித்ததாக அது சொல்லவில்லை. கையிற் பட்டது, கை கண்ணுக்குப் போயிற்று. இன்றைக்கும் பெரும்பாலும் நிகழக்கூடியது அதுவே. சென்ற ஆண்டு மாணவர் சிலரைக் கண்டற்காடு காட்டக் கற்பிட்டிக்கு அழைத்துச் சென்றபோது, வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதிய மீனவர் ஒருவர் எழுந்து வந்து எங்களை மறித்தார்.

“சேர், புள்ளைகளை அந்தப் பக்கம் உடாதீங்க. அது தில்லை.”

“தொட்டாற் புண்ணாகுமா, நானா?” என்று கேட்டேன்.

“மரத்தைத் தொட்டா ஒண்டும் இல்ல சேர். கொப்பை முறிச்சாத்தான் பால் வரும். அது கையில பட்டதும் தெரியாது. வேர்வையைத் துடைக்கக் கை கண்ணுக்குப் போகும் பாருங்க, அங்கதான் காரியம் கெடும்.”

விஞ்ஞான நூல்கள் பல பக்கங்களிற் சொல்வதன் சாரம் இதுவே. கையிற் பட்டதும் தெரியாது என்பதுதான் இம்மரத்தின் சூழ்ச்சி. நெருப்புச் சுட்டால் உடனே கையை இழுத்துக்கொள்கிறோம். அந்த நோவே நமக்குக் காவல். தில்லைப்பால் தோலிற் பட்டவுடன் அத்தகைய எச்சரிக்கை கிடைப்பதில்லை. சில மணி நேரம் கழிந்தபின் அவ்விடம் சிவந்து காந்தும், பிறகு வீங்கும், கொப்புளம் எழும். காலையில் விறகு வெட்டியவனுக்கு மாலையிலே தோல் எரியும். அதற்கிடையில் அவன் எத்தனை முறை முகத்தைத் துடைத்திருப்பான், குழந்தையைத் தூக்கியிருப்பான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தாமதத்துக்குக் காரணம் உண்டு. தில்லை ஆமணக்கு, கள்ளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்து மரஞ்செடிகள் பலவற்றின் பாலிலும் எண்ணெயிலும் போர்போல் எஸ்தர் என்னும் வகையைச் சேர்ந்த பொருள்களும் அவற்றின் உறவுப் பொருள்களும் உள்ளன. நாட்டு வைத்தியத்திற் கடும் பேதி மருந்தென்று பெயர் பெற்ற நேர்வாளத்தின் எண்ணெய் இதற்குப் பேர்போனது. இப்பொருள்கள் அமிலத்தைப்போலத் தோலை நேரே அரிப்பதில்லை. தோலின் உயிரணுவுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒரு நொதியத்தைத் தட்டி எழுப்பிவிடுகின்றன. ஜப்பானில் கோபே நகரத்து ஆராய்ச்சியாளர் யசுதோமி நிஷிசூக்காவும் அவர் குழுவினரும் 1982 இல் இதனைக் கண்டறிந்தனர். உடம்பு தானே பிறப்பிக்க வேண்டிய கட்டளையை இப்பொருள் கள்ளத்தனமாகப் பிறப்பிக்கின்றது. உயிரணு அக்கட்டளைக்குப் பணிந்து அழற்சியை மூட்டுகின்றது. கட்டளை பிறந்து வேலை நடந்து முடியச் சில மணி நேரம் செல்லும். நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

கண்ணின் நிலை வேறு. அங்கே எரிவு விரைவிலே தொடங்கும். கண்ணீர் பெருகும், இமை வீங்கி மூடிக்கொள்ளும், வெளிச்சத்தைப் பார்க்க இயலாது. விழிவெண்படலம், அதாவது கருவிழியை மூடிக் கண்ணாடிபோல நிற்கும் படலம், தன் மேற்றோலை இழக்கத் தொடங்கும். முதல் நாளினும் இரண்டாம் நாள் பார்வை இன்னும் மங்குவது உண்டு. வீட்டார் நடுங்கிப் போவது அப்பொழுதுதான். ஆனால் உடனே கழுவி, தக்க சிகிச்சையும் பெற்ற கண்களிற் பெரும்பாலானவை ஓரிரு வாரங்களிற் பார்வையை மீளப் பெறுகின்றன. நிரந்தரமாகக் கெடுவன பெரும்பாலும் காலந்தாழ்த்திய கண்களும், புண்ணிற் கிருமி புகுந்து பழுத்த கண்களுமே. குருடாக்கும் மரம் என்ற பெயரைக் கேட்டு, இனி ஆவது ஒன்றுமில்லை என்று சோர்ந்துவிடுவது பெருந்தவறு.

ஆகவே செய்யவேண்டியதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இதனைச் சுருக்கிச் சொல்லுதல் தகாது. பால் பட்டவன் முதலிற் கைகளைச் சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவவேண்டும். அல்லாவிடின் கண்ணைக் கழுவப் போகும் கையே மேலும் பாலைக் கொண்டு சேர்க்கும். உதவிக்கு ஒருவர் இருந்தால் அவரே நீர் ஊற்றலாம். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்குமாறு வைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக நீர் வழியும்படி ஊற்ற வேண்டும். எதிர்ப்பக்கமாக ஊற்றினால் நல்ல கண்ணுக்கும் பால் போய்ச் சேரும். இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, பதினைந்து இருபது நிமிடம் விடாமல் ஊற்றவேண்டும். இரண்டு கைந்நீர் அள்ளித் தெளித்துவிட்டுக் கழுவியாயிற்று என்பவர்களே நம்மில் மிகுதி. பதினைந்து நிமிடம் என்பது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால், மிக நீண்ட நேரம். குழந்தை அழும், திமிறும். அப்படியிருந்தும் விடக்கூடாது. கண்ணுக்குள் வில்லை அணிபவராயின் அதனை முதலிலேயே கழற்றிவிட வேண்டும். களப்பு நீர் உவர்நீர், சேறும் கலந்தது. ஆதலால் கண்டற்காட்டுக்குப் போகிறவர்கள் நல்ல தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டையேனும் கையோடு கொண்டுபோவது அவசியம். குடிப்பதற்கு என்று மட்டும் எண்ண வேண்டாம்.

கழுவியபின் வைத்தியசாலை. கற்பிட்டியிலும் புத்தளத்திலும் அரசாங்க வைத்தியசாலைகள் உள்ளன. கண்ணுக்குப் பட்டது மரத்துப் பால் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோவு குறைந்துவிட்டது என்று வீட்டிலே தங்கிவிடலாகாது. இங்கே நம் வீட்டு முதியோருடன் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது. கண்ணில் எது விழுந்தாலும் தாய்ப்பால் விடுவதும், தேன் இடுவதும், விளக்கெண்ணெய் தடவுவதும் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக நடந்து வருவன. அன்பினாற் செய்யப்படுபவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மேற்றோல் உரிந்த கண்ணில் அவற்றோடு கிருமியும் புகும்; எண்ணெயோ பாலின் பசையைக் கண்ணிலேயே தங்க வைக்கும். இவற்றினும் கேடானது இக்காலத்துப் பழக்கம் ஒன்று. முன்பு எப்பொழுதோ வேறொரு நோய்க்கு வாங்கி, அலுமாரியில் மிஞ்சிக் கிடக்கும் துளி மருந்தை எடுத்து விடுதல். அவற்றுட் சிலவற்றில் ஸ்டீரொயிட் இருக்கும். அது சிவப்பையும் நோவையும் தணித்துக் காட்டும்; புண்ணிற் கிருமி புகுந்திருந்தால் உள்ளே அது வளர வழி செய்யும். அம்மருந்தை இடலாமா என்பதைக் கண்ணைச் சோதித்த வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

தோலிற் பட்டதற்குச் சவர்க்காரமும் தண்ணீருமே முதல் மருந்து. பால் காய்ந்து பசையாகிவிட்டால் வெறுந் தண்ணீருக்கு எளிதில் விடாது. உடுப்பையும் மாற்றி, அதனைத் தனியே துவைக்க வேண்டும். கொப்புளத்தைக் குத்தி உடைத்தலும், தேசிக்காய் தேய்த்தலும் கூடாதன. இம்மரத்தை விறகாக எரித்தாற் புகையும் கண்ணைக் காந்தும் என்பதைக் கரையோரத்தார் நன்கறிவர். வெளியூரிலிருந்து வந்து கூடாரமடித்துச் சமைப்பவர்களே காய்ந்த கொப்புத்தானே என்று பொறுக்கி அடுப்பில் வைக்கின்றனர்.

மரத்தை இனங்காணுவது மாணவர்க்குக் கடினமன்று. கண்டலிலும் கண்ணாவிலும் இலைகள் எதிரெதிராகச் சோடி சோடியாய் நிற்கும். தில்லையிலோ ஒன்று இப்புறமும் அடுத்தது சற்று மேலே அப்புறமுமாக மாறி மாறி நிற்கும். மிண்டி வேரும் இல்லை, மூச்சு வேரும் இல்லை. வேர்கள் நிலத்தின்மேற் பாம்புபோற் பரந்து கிடக்கும். ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. ஆண்மரத்திற் பூக்கள் மஞ்சட் சரங்களாய்த் தொங்கும். பெண்மரத்திற் காய்கள் மூன்று புடைப்புடையனவாய் இருக்கும். கொப்பை முறித்துப் பால் வருகிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் முறையை மட்டும் எவரும் கைக்கொள்ள வேண்டாம்.

இவ்வளவும் கேட்டபின், இப்படிப்பட்ட மரத்தை ஏன் விட்டு வைக்கவேண்டும், வெட்டி எறிந்தாலென்ன என்று ஒரு மாணவன் கேட்டான். நியாயமான கேள்விதான். இலங்கை அரசாங்கம் 2015 இல் நாட்டின் கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டத்தை மேற்கொண்டது; மறு ஆண்டிற் சிலாபத்தை அடுத்த பம்பலையில் கண்டற்காடுகளுக்கென்றே ஓர் அரும்பொருட்சாலையும் திறக்கப்பட்டது. புத்தளம் மாவட்டத்தில் 1980 ஆம், 1990 ஆம் ஆண்டுகளில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டற்காடுகளை வெட்டியதன் விளைவைக் கண்ட பிறகு வந்த விழிப்பு இது. கண்டலும் கண்ணாவும் அலையைத் தாங்குவன என்றால், அவற்றின் பின்னே மேட்டு மண்ணைப் பிடித்து நிற்பது தில்லை. அதன் மலருக்குத் தேனீக்கள் விரும்பி வருகின்றன. வங்கத்துச் சுந்தரவனத்தில் கேவா என்று வழங்குவதும் இம்மரமே. அக்காட்டுத் தேனில் ஒரு பங்கு இதன் மலரிலிருந்தே கிடைக்கின்றது. பத்திரிகை வாசகருக்கு இன்னொரு செய்தியும் சுவை தரும். கிழக்கு வங்கத்துக் குல்னா நகரில் 1959 முதல் 2002 வரை நடந்த காகித ஆலைக்குச் சுந்தரவனத்துத் தில்லை மரமே முக்கிய மூலப்பொருளாயிருந்தது. கண்ணைக் கெடுக்கும் மரம் எத்தனையோ கண்கள் படிப்பதற்குத் தாளாயிற்று!

தில்லைக்கு அஞ்சும் நாம் வீட்டு வாசலில் நிற்கும் எருக்குக்கு அஞ்சுவதில்லை. கற்பிட்டியின் மணற்பாங்கான நிலத்தில் எருக்குத் தாராளமாக வளரும். விநாயக சதுர்த்தியன்று எருக்கம்பூ மாலை கட்டுவதற்குக் குழந்தைகளையே பூப்பறிக்க அனுப்புகிறோம். எருக்கம்பால் கண்ணிற் பட்டாற் பெரும்பாலும் நோவு தெரியாது. பார்வை மட்டும் புகை படர்ந்ததுபோல மங்கும். அப்பால் விழிவெண்படலத்தின் உணர்ச்சியைக் குறைத்து, அதன் உட்புற உயிரணுக்களைத் தாக்கிப் படலத்தை வீங்கச் செய்கின்றது. மேற்கு வங்காளத்துக் கண் வைத்தியர்கள் 2009 இல் வெளியிட்ட நோயாளர் விபரங்களிலும் நோவில்லாத இந்த மங்கலே முதன்மையான குறியாயிருக்கின்றது. குழந்தை அழவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று தாய் நினைத்துவிடுவாள். பூப்பறிப்பதைப் பெரியவர்களே செய்து, மாலை கட்டி முடிந்தபின் கை கழுவும்வரை குழந்தையைத் தொடாதிருந்தாற் போதும். பிள்ளையாருக்கு மாலை குறைய வேண்டியதில்லை.

இதுவரை சொன்னவை யாரைத் தொட்டாலும் சுடுவன. வேறொரு வகை உண்டு. அது சிலரை மட்டும் தேடிப் பிடிக்கும். ஒரே தோட்டத்தில் ஒரே வேலை செய்யும் இருவருள் ஒருவர்க்கு உடம்பெல்லாம் தடித்து ஊறும். மற்றவர் ஒன்றுமறியாது நிற்பார். முன்னவரை வேலைக்குக் கள்ளம் செய்கிறார் என்று எள்ளுவோரும் உளர். இவ்வகையையே ஒவ்வாமை என்கிறோம். செடியிலுள்ள மிகச் சிறிய பொருளொன்று தோலின் புரதத்தோடு கூடிக்கொள்கின்றது. உடம்பின் காவற்படை அதனைப் பகையென்று மனத்திற் பதித்துக்கொள்கின்றது. பதிவதற்கு ஒரு வாரம் இரண்டு வாரம் செல்லும். அப்பொழுது வெளியே ஒரு குறியும் தோன்றாது. அடுத்த முறை அதே பொருள் பட்டால் ஓரிரு நாளுள் அழற்சி எழும். பத்து ஆண்டு இந்தச் செடியோடு பழகினேன், இப்பொழுது மட்டும் எப்படி ஒவ்வாமற் போகும் என்று கேட்பவர்க்கு விடை இதுவே: பழகியதனாலேதான்.

புத்தளம் பகுதியில் இதற்கு நல்ல உதாரணம் மரமுந்திரிகை. பருப்பு தீங்கற்றது. அதன் ஓட்டிலுள்ள எண்ணெயோ கையைப் பொசுக்குவதோடு, ஒவ்வாமையையும் உண்டாக்க வல்லது. மாவும் சேங்கொட்டையும் அதே குடும்பம். ஆகையால் மரமுந்திரிகை ஓட்டுக்கு ஒவ்வாதவரிற் சிலர்க்கு மாம்பழத் தோல் பட்ட உதட்டோரமும் தடிக்கும். சேங்கொட்டைச் சாற்றால் வண்ணார் துணிகளுக்குக் குறியிடுவது இந்தியாவில் பழைய வழக்கம். இரண்டாவது உலகப் போரின்போது இந்தியாவிலிருந்த அமெரிக்கப் படைவீரர்க்குக் கழுத்தின் பின்புறத்தில், சட்டையின் குறி படும் இடத்திலேயே, புண் எழுந்தது. அவர்களது நாட்டு நச்சுக்கொடியிலும் சேங்கொட்டையிலும் ஒரே இனப் பொருள் இருப்பதை அறிந்த இராணுவ வைத்தியர்கள் 1943 இல் அதன் காரணத்தைக் கண்டு எழுதினர். நம்மூர் வண்ணார் பல தலைமுறையாகக் கையாண்ட பொருள், கடல் கடந்து வந்தவனின் கழுத்தில் அவன் ஊர்க் கொடியை நினைவூட்டியது!

இக்காலத்தில் வட பகுதி மக்களை வருத்தும் பார்த்தீனியமும் இவ்வகையினதே. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது 1955 ஆம் ஆண்டளவில் பூனாவிற் கவனத்துக்கு வந்தது. இலங்கையில் 1999 இல் வவுனியாவில் இனங்காணப்பட்டது. இந்திய அமைதிப் படையினரின் உணவுக்கென வந்த ஆடுகளோடு வந்ததென்பர் சிலர். மிளகாய், வெங்காய விதைகளோடு வந்ததென்பர் வேறு சிலர். அதனைத் தொட வேண்டியதுகூட இல்லை. காய்ந்த செடியின் தூள் காற்றிற் பறந்து கண்ணிமையிலும் கழுத்து மடிப்பிலும் படிந்தாற் போதும். ஆண்டுக்கணக்காகத் தோல் தடித்துக் கறுத்து, வெளியே செல்லவும் கூசும் நிலைக்கு வந்த விவசாயிகள் உளர். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இச்செடியை வெறுங்கையாற் பிடுங்குவிக்கும் சிரமதானங்கள் சிலவிடங்களில் நடைபெறுவதை நான் சிறிதும் ஏற்கவில்லை. அன்று பிடுங்கும் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது; அன்றைக்குத்தான் அவன் உடம்பு அதனைப் பகையென்று கற்றுக்கொள்ளக்கூடும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகத்துக்குத் துணி ஆகியவை இல்லாத இடத்தில் அவ்வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தல் தகாது.

சமையலறையிற் கருணைக்கிழங்கு கையை ஊறச் செய்வது இவ்விரண்டிலும் சேராது. அதிலுள்ள ஊசிபோன்ற நுண்பளிங்குகள் குத்துவதால் வருவது அது. புளி விட்டு அவிக்கும் நம் பாட்டிமார் முறை அதற்குப் போதும். காஞ்சோன்றியின் சுணையும் பூனைக்காலியின் மயிரும் அவ்வாறே குத்தி ஊறச் செய்வனவே. தேசிக்காய்ச் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றாற் கறுப்புத் தழும்பு விழுவது வேறொரு கதை. அங்கே சாறும் வெயிலும் கூடினால்தான் தீங்கு.

எந்தச் செடியால் வந்தது என்பதை அறிவதே ஒவ்வாமைக்குப் பாதி மருத்துவம். யோசப் யாடசோன் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1895 இல் எடுத்துரைத்த முறைதான் இன்றும் கையாளப்படுகின்றது. ஐயத்துக்குரிய பொருள்களைச் சிறிதளவாக முதுகிலே ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, எவ்விடம் சிவந்திருக்கிறது என்று பார்த்தலே அது. தோல் வைத்திய நிபுணர் இருக்கும் பெரிய வைத்தியசாலைகளில் இதனைச் செய்யலாம். தில்லை, கள்ளி, எருக்கு இவற்றின் பாலை மட்டும் எவரும் வீட்டில் இவ்வாறு பரீட்சித்துப் பார்க்கலாகாது. அவை எல்லோரையுமே சுடும். வைத்தியரிடம் போகும்போது, ஐயம் தரும் செடியின் ஒரு கொப்பை இலையோடும் பூவோடும் வெறுங்கையாற் தொடாமல் ஒரு பையில் இட்டு, வாயைக் கட்டிக் கொண்டு போங்கள். என்ன செடி என்று கேட்டால், வேலியில் நிற்கிறது என்பதைத் தவிர வேறு விடை நம்மிற் பலரிடம் இருப்பதில்லை.